வண்டி வாங்குவதற்கு முன்பே தொடங்குங்கள்: குமரி மாவட்டத்தில் ஊர்ப் பயண அறக்கட்டளை நடத்த ஒரு முழு வழிகாட்டி

குமரி மாவட்டத்தில் எந்த ஊரிலிருந்து பார்த்தாலும் ஆஸ்பத்திரி ரொம்பத் தூரத்தில் இல்லை. ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தக்கலையிலும் குழித்துறையிலும் அரசு மருத்துவமனைகள், நெய்யூரில் பழைய மிஷன் ஆஸ்பத்திரி, களியக்காவிளையைத் தாண்டினால் திருவனந்தபுரம். ஆனாலும் டயாலிசிஸை வாரத்துக்கு மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்துக்கொண்டவர்களும், கண் ஆபரேஷனுக்குப் பிறகு மறுபரிசோதனைக்கே போகாதவர்களும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்: வண்டிக்குக் கொடுக்க முடியவில்லை, கூட வர ஆள் இல்லை.

அவசரத்துக்கு 108 இருக்கிறது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணமில்லை, மாற்றுத்திறனாளிகளுக்கும் இல்லை. ஆனால் பஸ் நிறுத்தம் வரை வருவதற்கு வழி வேண்டுமே! ரப்பர் தோட்டத்துக்கு நடுவே, மேட்டின் மேல், ஆட்டோ மட்டுமே நுழையும் ஒழுங்கையில், அதாவது குறுகிய சந்தில், வீடு. மகன் வளைகுடாவில். முட்டி தேய்ந்த பாட்டாவால் (தாத்தாவால்) பஸ் படி ஏற முடியாது. உயிர் போகும் அவசரம் இல்லையென்பதால் 108-ஐயும் கூப்பிட முடியாது. இந்த இடைவெளியில்தான் ஊர்ப் பயண அறக்கட்டளைக்கு, அதாவது இப்படிப்பட்டவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் திரும்ப வீட்டில் விடும் ஊர் அமைப்புக்கு, வேலை.

இதில் நான் திரும்பத் திரும்பச் சொல்லும் விஷயம் ஒன்றே. கொண்டுபோய் விடுவது சின்ன வேலை. காத்திருந்து திரும்பக் கூட்டி வந்து வீட்டுத் திண்ணையில் உட்கார வைப்பதுதான் பெரிய வேலை. ஆட்டோவுக்கும் டாக்ஸிக்கும் பணம் கரைவது வெயிட்டிங்கில். அறக்கட்டளையின் திட்டம் முழுவதையும் அந்த ரிட்டர்னைச் சுற்றியே போடுங்கள்.

முதல் படி: எந்த வீடு, எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கிழமை

பல இடங்களில் இந்தச் சேவை வேனில்தான் தொடங்குகிறது. வெளியூரில் இருக்கும் ஒருவர் பணம் தருகிறார், வேன் வருகிறது, கொடியசைத்துத் தொடங்கி வைக்கிறார்கள். கொஞ்ச நாளில் அதே வேன் கல்யாணத்துக்கும் கோயில் கொடை விழாவுக்கும் ஓடிக்கொண்டிருக்கும். தேவையின் பட்டியல் கையில் இல்லாமல் வந்த வண்டி சும்மா நிற்காது, வேறு வேலை தேடிக்கொள்ளும்.

ஆகவே முதலில் பட்டியல். மாவட்டம் முழுவதற்கும் என்று கிளம்பாதீர்கள். ஒரே ரோட்டில் தொடுத்தாற்போல் வரும் இரண்டு மூன்று ஊராட்சிகள் போதும். குலசேகரம், திருவட்டாறு, தக்கலை என்று ஒரு லைன். இனயம், கருங்கல் பக்கம் என்றால் அது வேறு லைன். இரண்டையும் ஒரே வண்டியில் முடித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

விவரம் யாரிடம் இருக்கிறது? கிராம சுகாதார செவிலியரிடம் இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் பெண்களிடம் இருக்கிறது. கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியம் என்ற சிறு குழு கூடுகிறது, பள்ளிவாசலில் ஜமாத் இருக்கிறது, கோயிலில் ஊர்க்கமிட்டி இருக்கிறது, சுயஉதவிக் குழு எல்லா ஊரிலும் உண்டு. நான்கு பக்கமும் கேளுங்கள். ஒரே பக்கம் கேட்டால் அந்த வண்டிக்கு அந்தப் பக்கத்தின் பெயர் ஒட்டிக்கொள்ளும், மற்றவர்கள் கூப்பிடத் தயங்குவார்கள்.

கேட்கும் விதமும் முக்கியம். "யாருக்காவது உதவி வேணுமா?" என்றால் மானத்துக்குப் பயந்து யாரும் வாய் திறக்க மாட்டார்கள். "டயாலிசிஸ் யார் செய்றாங்க? கேன்சருக்குக் காட்டுறவங்க யாரு? வீல்சேர்ல இருக்கிற பிள்ளைங்க இருக்கா?" என்று கேட்டால் பெயர்கள் தானாக வரும்.

ஒவ்வொரு பெயருக்கும் எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கிழமை, எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்று எழுதுங்கள். கூடவே, வண்டி வீட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் வந்து நிற்க முடியும் என்பதை நேரில் போய்ப் பார்த்து எழுதுங்கள். வாசல் வரையா, ஒழுங்கை முனை வரையா, இறங்க எத்தனை படி, மழையில் அந்த இறக்கம் வழுக்குமா? மலையோரத்தில் இது இன்னும் அவசியம். பேச்சிப்பாறைப் பக்கம் சில காணிப் பழங்குடிக் குடியிருப்புகளிலிருந்து அணையைப் படகில் கடந்துதான் வர வேண்டும். அவர்களுக்கு வண்டி நேரம் என்பது படகு நேரம்தான்.

இரண்டாம் படி: ஒரு போன், ஒரு நோட்டு

பொறுப்பாளரின் சொந்த நம்பரைக் கொடுக்காதீர்கள். தனி சிம் வாங்குங்கள். ஆள் மாறினாலும் நம்பர் மாறக் கூடாது. காலை 9 முதல் 12 வரை என்று ஒரு நேரம் வைத்து, அந்த நேரத்தில் மணி அடித்தால் கட்டாயம் எடுங்கள். பயணத்துக்கு இரண்டு நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்பதை முதல் நாளே பழக்குங்கள்.

போன் எடுப்பவர் கேட்டு நோட்டில் எழுத வேண்டியவை:

- ஓ.பி.யா, டயாலிசிஸா, ஸ்கேனா? எத்தனை மணிக்கு உள்ளே இருக்க வேண்டும்?
- நடப்பாரா, பிடித்து நடக்க வேண்டுமா, வீல்சேரா?
- துணைக்கு யார் வருகிறார்கள்?
- திரும்பும்போது வீட்டில் ஆள் இருக்குமா?
- இன்சூரன்ஸ் அட்டை, பழைய சீட்டுகள் எல்லாம் எடுத்து வைத்தாயிற்றா?

கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டு ஆசாரிப்பள்ளம் வரை போனவர், சில நேரம் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும். முந்தின நாள் சாயங்காலம் ஒரு போன் போட்டு நினைவூட்டினாலே ஒரு டிரிப் மிச்சம்.

படுத்த நிலையிலேயே கொண்டுபோக வேண்டியவர், ஆக்ஸிஜன் தேவைப்படுபவர், நெஞ்சுவலி, பிரசவ வலி என்றால் "நீங்க 108 கூப்பிடுங்க, இப்பவே கூப்பிடுங்க" என்று சொல்லும் தெளிவு போன் எடுப்பவருக்கு வேண்டும். நல்ல மனசில் "நாங்களே வர்றோம்" என்று சொல்லிவிடுவதுதான் ஆபத்து.

மூன்றாம் படி: இருக்கிற வண்டிகளை வைத்தே ஓட்டிப் பாருங்கள்

வண்டி வாங்காமலே சில மாதம் நடத்த முடியும். அதற்கு இரண்டு வழி உண்டு.

ஒன்று, ஊரில் கார் வைத்திருக்கும் தன்னார்வலர்கள். பணி ஓய்வு பெற்ற ஆசிரியர், கடையை மகனிடம் கொடுத்துவிட்டவர், விடுமுறைக்கு வந்திருக்கும் வெளிநாட்டுக்காரர் என்று பலர் சந்தோஷமாக வருவார்கள். ஆனால் சாவி வாங்குவதற்கு முன் அவர்களின் இன்சூரன்ஸ் காகிதத்தைப் பாருங்கள். "தேர்டு பார்ட்டி" மட்டும் உள்ள பாலிசியில், சொந்தக் காரில் இலவசமாக ஏறி வருபவருக்குப் பாதுகாப்பு கிடையாது. ஃபுல் இன்சூரன்ஸ் என்று நாம் சொல்கிற பேக்கேஜ் பாலிசியில்தான் அவரும் வருவார். அந்தப் பாலிசி இல்லாத காரில் நோயாளியை ஏற்றாதீர்கள், கார்க்காரர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும். பெட்ரோல் காசை அறக்கட்டளை திருப்பித் தருவதாக இருந்தால், காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஜங்ஷனில் இருக்கும் ஆட்டோ ஸ்டாண்ட். என் கணிப்பில் இதுதான் நல்ல வழி. பர்மிட் உள்ள வண்டி, ஒழுங்கையில் நுழையும் வண்டி, எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள் என்று தெரிந்த டிரைவர். நான்கைந்து பேரைத் தேர்ந்தெடுத்து, கிலோமீட்டருக்கு இவ்வளவு, காத்திருக்கும் மணிக்கு இவ்வளவு என்று எழுதிப் பேசி முடியுங்கள். பணத்தை அறக்கட்டளை மாதா மாதம் கொடுக்கட்டும், நோயாளியின் கையிலிருந்து ஒரு ரூபாய்கூட அவர்கள் வாங்கக் கூடாது. நமது சேவை அவர்களின் பிழைப்பில் மண் போடுகிறது என்ற மனத்தாங்கலும் இதனால் வராது.

இந்த மாதங்களில் சேரும் நோட்டுதான் பின்னால் எந்த வண்டி வாங்குவது என்று உங்களுக்குச் சொல்லும்.

நான்காம் படி: பதிவு

அறக்கட்டளை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆவணம் பதிய வேண்டும். சங்கம் என்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் குறைந்தது ஏழு பேர் சேர்ந்து மாவட்டப் பதிவாளரிடம் பதிய வேண்டும். ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டு நிர்வாகிகளை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தால் சங்கம் நல்லது. நான்கைந்து பேர் பொறுப்பாக நீண்ட நாள் நடத்தப் போகிறார்கள் என்றால் அறக்கட்டளை.

ஆவணத்தில் இரண்டு வரிகளைக் கவனியுங்கள். நோக்கத்தில் "முதியோர், நோயாளிகள், மாற்றுத்திறனாளிகளுக்குப் போக்குவரத்து உதவி" என்று வெளிப்படையாக இருக்கட்டும். கலைக்கப்பட்டால் வண்டியும் பணமும் இதே நோக்கமுள்ள வேறொரு அமைப்புக்குத்தான் போகும் என்றும் இருக்கட்டும். இரண்டாவது வரி இல்லாவிட்டால், பின்னாளில் அந்த வண்டி யாருடையது என்று சண்டை வரும்.

அப்புறம் பான் அட்டை, வங்கிக் கணக்கு, வருமான வரித் துறையில் 12ஏ (அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை) பதிவு. புதிய அமைப்புக்கு முதலில் தற்காலிகப் பதிவு மூன்று ஆண்டுக்குக் கிடைக்கும். இவை பழைய சட்டத்தின் பிரிவு எண்கள், 2026 ஏப்ரல் முதல் நடைமுறையாகும் புதிய வருமான வரிச் சட்டத்தில் எண்கள் வேறு. ஆடிட்டர் ஒருவரை ஆரம்பத்திலேயே கூட்டு சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: பணம்

நமது மாவட்டத்தில் நன்கொடை என்றதும் நினைவுக்கு வருவது வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகள்தான். அவர்களிடம் தாராளமாகக் கேளுங்கள், ஆனால் பாஸ்போர்ட்டைக் கேட்டுவிட்டுக் கேளுங்கள். இந்தியக் குடியுரிமை உள்ளவர் தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி மூலம் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமையோ பிரிட்டிஷ் குடியுரிமையோ வாங்கிவிட்ட நம் ஊர்க்காரர் அனுப்பினால், அவர் எவ்வளவு சொந்தக்காரராக இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு இல்லாமல் அதைத் தொடக் கூடாது. அந்தப் பதிவுக்கு மூன்று ஆண்டு அனுபவமும், அந்த மூன்று ஆண்டில் நோக்கத்துக்காக 15 லட்சம் ரூபாய் செலவழித்த கணக்கும் பொதுவாகக் கேட்பார்கள். ஆகவே முதல் சில வருடம் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

உள்ளூரில் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கொடுத்தவருக்கு 80ஜி சலுகை கிடையாது. ஜிபே, வங்கி என்று பழக்கினால் உங்கள் கணக்கும் சுத்தமாக இருக்கும்.

கடற்கரை ஊர்களில் மாதச் சந்தா வசூலிக்கிறீர்கள் என்றால் மீன்பிடித் தடைக்காலத்தை மனதில் வையுங்கள். கிழக்குக் கடற்கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கன்னியாகுமரிப் பக்கமும் குளச்சல் பக்கமும் வெவ்வேறு மாதங்களில் கை முடங்கும். அந்த மாதங்களில் சந்தா கேட்டுப் போகாதீர்கள், ஆனால் சேவையைக் குறைக்காதீர்கள். அதற்கு மூன்று மாதச் செலவு எப்போதும் வங்கியில் தனியாக இருக்க வேண்டும்.

செலவைக் கணக்குப் போடுவதற்கு ஓர் உதாரணம். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி 30 கி.மீ. என்று வையுங்கள். லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும் வண்டி, பெட்ரோல் வட்டமாக 100 ரூபாய். கொண்டுபோய்க் காத்திருந்து திரும்பினால் 60 கி.மீ., 400 ரூபாய். விட்டுவிட்டு ஊருக்கு வந்து, மறுபடி போய்க் கூட்டி வந்தால் 120 கி.மீ., 800 ரூபாய். வாரம் மூன்று டயாலிசிஸ் என்றால் ஒருவருக்கு மாதம் 5,200-க்கும் 10,400-க்கும் உள்ள வித்தியாசம். அதே லைனில் மூன்று பேரை ஒரே ஷிப்டில் சேர்த்து, ஏற்றி இறக்க 10 கி.மீ. கூடுதலாக ஓடினாலும், தலைக்கு ஒரு முறைக்கு 156 ரூபாய்தான் வரும். ஆகவே டயாலிசிஸ் பிரிவில் ஷிப்ட் போடும் நர்ஸிடம் போய், "இந்த மூணு பேருக்கும் ஒரே நேரம் தர முடியுமா சிஸ்டர்?" என்று கேளுங்கள். பெரிய நன்கொடையாளர் ஒருவரைப் பிடிப்பதைவிட இந்த ஒரு பேச்சு அதிகம் மிச்சப்படுத்தும்.

ஆறாம் படி: சொந்த வண்டி

நோட்டு நிரம்பி, ஆட்டோவுக்குக் கொடுக்கும் பணம் வண்டித் தவணையைத் தாண்டும்போது வாங்குங்கள்.

வெள்ளை போர்டா, மஞ்சள் போர்டா என்ற கேள்வி வரும். வெள்ளை போர்டு வண்டியில் கட்டணம் வாங்கி ஆள் ஏற்ற முடியாது. "கட்டணம் இல்லை, விருப்ப நன்கொடை" என்று உண்டியல் வைத்தாலும், ஏறியவர் எல்லாரும் போட்டால் அது கட்டணம்தான் என்று வாதாட இடம் இருக்கிறது. விபத்து நடந்த பிறகு அந்த வாதத்தைக் கேட்க வேண்டி வந்தால் பாதிக்கப்படுவது நோயாளியின் குடும்பம். ஆகவே பயணியிடம் என்றாவது காசு வாங்க நினைத்தால் முதலிலேயே மஞ்சள் போர்டு, பர்மிட், பயணிகள் வாகனத்துக்கான இன்சூரன்ஸ் என்று போய்விடுங்கள். வரி கூடும். எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும் அதன் பிறகு வருடா வருடமும் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) காட்ட வேண்டும். செலவுதான், ஆனால் நிம்மதி. 7,500 கிலோவுக்குள் உள்ள வண்டிக்குச் சாதாரண இலகுரக வாகன லைசென்ஸ் போதும் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் சொல்லிவிட்டதால் டிரைவர் கிடைப்பது முன்பைவிட எளிது.

திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கு நம் மாவட்டத்திலிருந்து நிறையப் பேர் போகிறார்கள். மஞ்சள் போர்டு வண்டி களியக்காவிளையைத் தாண்ட வேண்டுமென்றால் தமிழ்நாட்டுப் பர்மிட் மட்டும் போதாது. ரேடியேஷன் என்றால் திங்கள் முதல் வெள்ளி வரை, வாரக்கணக்கில் ஓட வேண்டிவரும். ஒரே நோயாளிக்காக வண்டியைத் தினமும் அங்கே அனுப்பினால் ஊரில் உள்ளவர்கள் கை விடப்படுவார்கள். உட்கார்ந்து வர முடிகிறவர்களைக் குழித்துறை அல்லது இரணியல் ஸ்டேஷன் வரை கொண்டுவிட்டு ரயிலில் ஏற்றுங்கள். புற்றுநோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் ரயில்வே கட்டணச் சலுகை தருகிறது, அதற்கான சான்றை ஆஸ்பத்திரியிலேயே வாங்கலாம். சாயங்கால வண்டிக்கு ஸ்டேஷனில் நமது ஆட்டோ நின்றால் போதும்.

வாங்கும் வண்டியில் அழகைப் பார்க்காதீர்கள், கதவைப் பாருங்கள். பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் கதவு, ஏறும் இடத்தில் பிடிக்க ஒரு கம்பி, கீழே வைக்க ஓர் உறுதியான படி ஸ்டூல், நம் ஒழுங்கைகளில் திரும்பும் அளவு. பெரிய வேன் ரோட்டிலேயே நிற்கும், அதற்குள் நோயாளி நனைந்துவிடுவார். வீல்சேரோடு ஏற்றுவதற்குச் சரிவுப் பலகை வைத்து வண்டியை மாற்றுவதாக இருந்தால் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்றுங்கள். வீல்சேரை நான்கு முனையிலும் தரையோடு கட்ட வேண்டும், உட்கார்ந்திருப்பவருக்குத் தனி பெல்ட் வேண்டும். சேரைக் கட்டியாயிற்று, ஆள் பத்திரம் என்று நினைத்துவிடக் கூடாது.

ஏழாம் படி: டிரைவர்

வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள் நிறைய உண்டு. பொறுமை உள்ளவரைத் தேடுங்கள். போலீஸ் சரிபார்ப்புச் சான்று, கண் பரிசோதனை, முதலுதவிப் பயிற்சி இவை மூன்றும் கட்டாயம். சம்பளம் ஒழுங்காகக் கொடுங்கள். சேவை என்ற பெயரில் டிரைவரின் வயிற்றில் அடிக்கும் அமைப்பில் நல்ல டிரைவர் தங்க மாட்டார்.

டயாலிசிஸ் முடிந்து வருபவரைப் பார்த்தால் பொறுமை ஏன் வேண்டும் என்று புரியும். நான்கு மணி நேரம் மெஷினோடு படுத்திருந்து எழுந்தவருக்குப் பிரஷர் இறங்கியிருக்கும். உடனே எழுப்பி நடக்க வைத்தால் தலைசுற்றி விழுவார். முதலில் உட்காரட்டும், கொஞ்சம் கழித்து நிற்கட்டும், அப்புறம் நடக்கட்டும். ஒரு கையில் ஊசி போடுவதற்காக ரத்தக்குழாயை இணைத்து வைத்திருப்பார்கள். அந்தக் கையைப் பிடித்துத் தூக்கவோ இழுக்கவோ கூடாது, அந்தப் பக்கம் சீட் பெல்ட்டும் அழுத்தக் கூடாது. கையில் போட்ட கட்டு வழியாக ரத்தம் கசிந்தால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வேண்டும். "பைய எறங்குங்க பாட்டா, ஒரு தெரக்கும் (அவசரமும்) இல்ல" என்று சொல்லி, மறு கையைத் தாங்கி, வாசல் வரை நடத்தி, வீட்டில் ஆள் இருப்பதைப் பார்த்துவிட்டு வருபவர்தான் நமக்கு வேண்டிய டிரைவர்.

கீமோ எடுப்பவரை இருமல், காய்ச்சல் உள்ளவரோடு சேர்த்து ஏற்றாதீர்கள். வாந்திக்குப் பை, தண்ணீர், துண்டு எப்போதும் வண்டியில் இருக்கட்டும். தனியாக வரும் பெண்களுக்கு, கேட்டால், துணைக்கு ஒரு பெண் தன்னார்வலரை அனுப்புங்கள். குழந்தைகளைப் பெற்றோரோ பாதுகாவலரோ இல்லாமல் ஏற்றவே வேண்டாம்.

எட்டாம் படி: அன்றாட ஓட்டம்

டிரிப் ஷீட்டில் கிளம்பிய நேரம், மீட்டர் அளவு, யார் ஏறினார், எங்கே இறங்கினார், எவ்வளவு நேரம் காத்திருந்தது என்பதெல்லாம் அன்றன்றே எழுதப்பட வேண்டும். ஆள் இல்லாமல் ஓடிய கிலோமீட்டரைத் தனியாகக் கூட்டுங்கள். மாதக் கூட்டத்தில் முதலில் பார்க்க வேண்டிய எண் அதுதான்.

நேரம் போடும்போது தாராளமாகப் போடுங்கள். மார்த்தாண்டத்தில் காலை நெரிசல், ரோட்டு வேலை, வரிசையாக வரும் டாரஸ் லாரிகள் எல்லாம் நமக்குத் தெரிந்தவைதான். ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை என்று நமக்கு இரண்டு மழைக்காலம். தாமிரபரணியும் பழையாறும் பெருகினால் எந்தப் பாதை அடைபடும், மாற்றுப் பாதை எது என்பதை மழைக்கு முன்பே டிரைவரோடு ஓடிப் பார்த்து எழுதி வையுங்கள். எச்சரிக்கை வந்தால் டயாலிசிஸ் நோயாளிகளை முந்தின நாளே அழைத்துச் செல்ல முடியுமா என்று ஆஸ்பத்திரியில் கேளுங்கள். மற்ற பயணங்களைத் தள்ளலாம், இதைத் தள்ள முடியாது.

வண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போகும் நாளும் வரும். மூன்றாம் படியில் சொன்ன ஆட்டோக்காரர்களை அதனால்தான் கைவிடக் கூடாது. சொந்த வண்டி வந்த பிறகும் அவர்களுக்கு வாரத்தில் சில டிரிப் கொடுத்துக்கொண்டே இருங்கள்.

எதற்கெல்லாம் மறுக்க வேண்டும்

நன்கொடையாளர் நோயாளியோடு போட்டோ கேட்பார். கொடுக்காதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் பெயர், நோய், முகம் எதுவும் போகக் கூடாது. வண்டியின் படமும் மாதக் கணக்கும் போதும். அவருக்கு வேண்டுமானால் ஒரு நாள் காலை போன் எடுக்கும் இடத்தில் வந்து உட்காரட்டும்.

டிரஸ்டியின் வீட்டுக் கல்யாணத்துக்கு வண்டி கேட்பார்கள். ஒருமுறை கொடுத்தால் முடிந்தது, அடுத்த வாரம் இன்னொருவர் கேட்பார். முதல் கூட்டத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்: பட்டியலில் உள்ள பயணம் தவிர வேறெதற்கும் வண்டி கிடையாது.

தேர்தல் நேரத்தில் கட்சிக்காரர்கள் அன்பாக வருவார்கள். வேட்பாளர் தரப்பு வாக்காளர்களை இலவசமாக வண்டியில் ஏற்றிச் செல்வது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி ஊழல் நடவடிக்கை. 85 வயதைத் தாண்டியவர்களும் 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் உள்ளவர்களும் வீட்டிலிருந்தே வாக்களிக்கத் தேர்தல் ஆணையம் வழி வைத்திருக்கிறது. அதற்கான படிவத்தை நம் பட்டியலில் உள்ளவர்களுக்கு முன்கூட்டியே வாங்கிக் கொடுங்கள். வாக்குப்பதிவு நாளில் டயாலிசிஸ் டிரிப்பை மட்டும் ஓட்டிவிட்டு வண்டியை ஷெட்டில் பூட்டுங்கள்.

பக்கத்து ஊராட்சியிலிருந்தும் கூப்பிடுவார்கள். அது மறுப்பதற்கு ரொம்பக் கஷ்டமான அழைப்பு. அவர்களுக்கும் வண்டி அனுப்பி இங்கே ஒருவரின் ரிட்டர்னைத் தாமதப்படுத்துவதைவிட, அந்த ஊரில் ஒரு போனும் ஒரு நோட்டும் தொடங்க நான்கு பேரைத் தேடிக் கொடுங்கள். உங்கள் டிரிப் ஷீட்டின் வெற்றுப் படிவத்தையும், ஆட்டோக்காரர்களோடு போட்ட ஒப்பந்தத்தின் நகலையும் அவர்களிடம் கொடுங்கள். முதல் மாதம் அவர்களின் போனை எடுக்க உங்கள் ஆள் ஒருவரையும் அனுப்பி வையுங்கள்.